ரோட்டுக்கும் காட்டுப்பாதைக்கும் ஒரே ஹெல்மெட்: அளவெடுப்பது முதல் தூக்கிப்போடுவது வரை

வார நாட்களில் தார்ச்சாலை, வார இறுதியில் கல்லும் வேருமாகக் கிடக்கும் மலைப்பாதை. இரண்டிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஹெல்மெட்டும் இரண்டு வாங்க வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே போதும். எந்த ஒன்று என்பதில்தான் தடுமாற்றம். நானும் தடுமாறினேன். ரோடு பைக்குக்கு என்று வாங்கிய மெல்லிய ஹெல்மெட்டோடு காட்டுக்குள் போய், பின்பக்கமாக ஒருமுறை விழுந்து பயந்து, அப்புறம் பெரிய வைசர் (நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மறைப்பு) வைத்த தடித்த ஹெல்மெட் ஒன்றை வாங்கினேன். அதை ரோட்டில் போட்டுக்கொண்டு குனிந்து ஓட்டினால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த ட்ரெயில் ஹெல்மெட் (மலைப்பாதைக்கென்று செய்தது), முழுசாகக் கழற்றக்கூடிய வைசர், முன்பக்கம் பெரிய காற்றுத் துளைகள். கிராவல் (சரளைச் சாலை) ஹெல்மெட் என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் கிட்டத்தட்ட இதே வகைதான். ஆனால் இந்த வகைக்குள்ளேயே உங்கள் தலைக்குப் பொருந்துவதும் பொருந்தாததும் இருக்கும், குனிந்து ஓட்டும்போது தொல்லை தருவதும் தராததும் இருக்கும். அதைப் பிரித்தறியத்தான் மீதி எல்லாம்.

படி 1: எப்படி விழுவீர்கள் என்று யோசியுங்கள்

ரோட்டில் விழுந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் சரிவோம், அல்லது ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் போவோம். தரை சமதளம். மலைப்பாதையில் கதை வேறு. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழலாம், தாழ்ந்த கிளை நெற்றியில் இடிக்கலாம், மெதுவாகத்தான் போனோம் என்றாலும் விழுந்த இடத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கலாம். பின்மண்டைக்கும் நெற்றிப்பொட்டுக்கும் அங்கே வேலை அதிகம். ட்ரெயில் ஹெல்மெட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்புறம் பிடரியை நோக்கி நன்றாக இறங்கியிருப்பதும், ரோடு ஹெல்மெட் அதைவிட மேலேயே நின்றுவிடுவதும் தெரியும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், வைசர் அடுத்தது.

இங்கேயே இரண்டு கூட்டத்தைக் கழித்துவிடலாம். நீங்கள் ஓட்டுவதில் பத்தில் ஒன்பது பங்கு ரோடு, மீதி ஒரு பங்கும் சீரான மண்சாலைதான் என்றால், நல்ல ரோடு ஹெல்மெட்டே போதும், ட்ரெயில் ஹெல்மெட்டின் கூடுதல் எடையைச் சுமக்கத் தேவையில்லை. மறுபக்கம், பைக் பார்க், பெரிய ஜம்ப், பாறையிலிருந்து குதிப்பது என்று போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. பற்களும் தாடையும் வேண்டுமென்றால் முகத்தை மூடும் ஃபுல் ஃபேஸ் வேண்டும், அதை ரோட்டில் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாது. தாடைப் பகுதியைக் கழற்றி மாட்டக்கூடிய ஹெல்மெட்டுகளும் இருக்கின்றன. ஆனால் தாடைக்கவசம் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் டவுன்ஹில் (செங்குத்தான இறக்கத்தில் வேகமாக இறங்குவது) தரம் ஆகிவிடாது. அதற்கென்று உள்ள தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப்1952, பெல் சூப்பர் டிஹெச் மாதிரி சிலவற்றுக்கு அது உண்டு, பலவற்றுக்குக் கிடையாது. கழற்றிய பிறகும் அவை கனமானவை, ரோட்டில் வேர்த்து ஊற்றும்.

படி 2: உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்: ரோடு ஹெல்மெட், ட்ரெயில் ஹெல்மெட் என்று பாதுகாப்புத் தரநிலைகள் பிரித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் விற்கும் எல்லா சைக்கிள் ஹெல்மெட்டும் 1999 முதல் சிபிஎஸ்சி (நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம்) விதிகளைத் தாண்டியாக வேண்டும், ஐரோப்பாவில் இஎன் 1078, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063. இந்த மூன்றில் ஒன்றாவது உள்ளே அச்சிட்டிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத, அல்லது நம்பமுடியாத அளவுக்கு மலிவாக இணையத்தில் கிடைக்கிற பிரபல பிராண்டின் நகல் என்றால், அதைத் தொடவே தொடாதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே என்ன நுரை என்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

சோதனையில் என்ன செய்கிறார்கள் என்றால், உலோகத் தலை ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி மேலிருந்து கீழே போடுகிறார்கள். இஎன் 1078-இல் சமதளத்தின் மீது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, தலைக்குக் கடத்தப்படும் முடுக்கம் 250 ஜி-யை (புவியீர்ப்பைப்போல 250 மடங்கு) தாண்டக்கூடாது. சிபிஎஸ்சி-யில் 2 மீட்டர், வரம்பு 300 ஜி. மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் இடிப்பதற்குச் சமம். "நான் நாற்பதில் போகிறேனே, இது எப்படிப் போதும்?" என்று தோன்றும். தலை தரையை நோக்கி விழும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான், நீங்கள் முன்னோக்கிப் போகிற வேகம் தரையில் தேய்வதாகவும் தலையைத் திருகுவதாகவும் மாறுகிறது. நேராகச் சுவரிலோ வண்டியிலோ மோதினால் இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு எந்த சைக்கிள் ஹெல்மெட்டும் உத்தரவாதம் கிடையாது.

உள்ளே இருக்கும் நுரை பெரும்பாலும் இபிஎஸ். வேறொன்றுமில்லை, டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலின் அடர்த்தியான அண்ணன். அது நசுங்கும்போதுதான் வேலை செய்கிறது, தலை ஒரேயடியாக நிற்காமல் சில சென்டிமீட்டரில் நிற்க அவகாசம் தருகிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

இன்னொரு நுணுக்கம். சோதனையில் ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு கோடு இருக்கும், அதற்கு மேலேதான் அடிக்கிறார்கள். ட்ரெயில் ஹெல்மெட்டில் பிடரி வரை இறங்கும் அந்தக் கூடுதல் பகுதியின் அடிவிளிம்பு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே. அங்கே நுரை இருப்பது இல்லாததைவிட நல்லதுதான், ஆனால் சோதித்துப் பார்த்த பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேக மின்சைக்கிள்களுக்காக நெதர்லாந்தில் உருவான என்டிஏ 8776 தரநிலை கூடுதல் வேகத்தில் சோதிக்கிறது, அதிகப் பரப்பை மூடவும் சொல்கிறது. ட்ரெயில் ஹெல்மெட்டுகள் சிலவற்றில் இந்த முத்திரையும் இருக்கும். இரண்டு ஹெல்மெட்டும் ஒரே மாதிரிப் பொருந்தி, ஒன்றில் மட்டும் இது இருந்தால், எடை கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

படி 3: மிப்ஸ் வேண்டுமா?

மேலே சொன்ன திருகல்தான் இதற்கு அடிப்படை. சாய்வாக விழும்போது தலை வெடுக்கென்று சுழல்கிறது, மூளைக்கு அந்தச் சுழற்சி நேரடி இடியைப் போலவே கெடுதல். சுவீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற மூளை அறுவை நிபுணரும் பீட்டர் ஹால்டின் என்ற பொறியாளரும் 1990-களில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்ததுதான் மிப்ஸ். தலைக்கும் நுரைக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு, இடி விழும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்கிக்கொடுக்கும். இதே வேலையை வேறு வழிகளில் செய்கிறவர்களும் உண்டு: பான்ட்ரேகர் ஹெல்மெட்டுகளில் வந்த வேவ்செல், லீட்டின் டர்பைன், நுரையையே வெட்டி வடிவமைத்திருக்கும் லேசரின் கினெட்டிகோர்.

எது சிறந்தது என்று பெயரை வைத்துச் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சாய்ந்த தளத்தில் மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தருகிறது, இலவசமாகப் பார்க்கலாம். மதிப்பெண் குறைவாக இருந்தால் நல்லது, நட்சத்திரம் அதிகமாக இருந்தால் நல்லது, இதைத் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள். விலை கூடியதெல்லாம் பட்டியலில் மேலே இருக்காது என்பதும் அங்கே போனால் புரியும். ஐந்து நட்சத்திரம் வாங்கியவற்றுக்குள் ஒன்று, ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தலையில் சரியாக உட்காருவது அதைவிட முக்கியம்.

படி 4: இஞ்சு டேப்பை எடுங்கள்

புருவத்துக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் மிக அகலமான இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். இரண்டு மூன்று முறை எடுத்து, பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளில் மீடியம் என்றால் ஏறக்குறைய 55 முதல் 59 சென்டிமீட்டர், ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி, அவரவர் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய தொப்பி போடுகிறவர்கள், கூந்தலைப் பின்னிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அப்படியே வைத்து அளக்க வேண்டும். உங்கள் அளவு இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள், சின்னது எங்கும் அழுத்தவில்லை என்றால் அதுவே சரி.

சுற்றளவு சரியாக இருந்தும் சில ஹெல்மெட்டுகள் அரைமணி நேரத்தில் தலைவலி கொடுக்கும். காரணம் வடிவம். சிலருக்கு முன்பின்னாக நீண்ட தலை, சிலருக்கு உருண்டைத் தலை. நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தி, காதுக்கு மேலே இடைவெளி இருந்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கு ரொம்ப உருண்டை. பொட்டுகள் இரண்டும் நெருக்கி, முன்னும் பின்னும் காலியாக இருந்தால் ரொம்பக் குறுகல். பின்னாலுள்ள திருகை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார், ஆகாது. உள்ளே ஒட்டும் பஞ்சை மாற்றினாலும் ஆகாது. வேறு பிராண்டைப் பாருங்கள்.

திருகைத் தளர்த்தி வைத்துத் தலையில் போட்டு, சமமாக உட்காரவைத்து (புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, பின்னால் சாய்ந்து நெற்றி முழுசும் தெரியும்படி போடுகிறவர்கள் அதைக் கழற்றியே வைத்துவிடலாம்), பிறகு மெதுவாக இறுக்குங்கள். பட்டையை மாட்டாமலேயே குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள், கீழே விழக்கூடாது. ஹெல்மெட்டைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். அப்புறம் பட்டைகள்: காதுமடலுக்குக் கீழே இரண்டும் சேர்ந்து வி வடிவில் வர வேண்டும், முகவாய்க்குக் கீழே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் இறுக்கம். கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரிய வேண்டும். கடைசியாக, உள்ளங்கையால் முன்விளிம்பை மேல்நோக்கித் தள்ளுங்கள், பின்விளிம்பை முன்னோக்கித் தள்ளுங்கள். நெற்றி தெரியும் அளவுக்குச் சரிந்தால் வேண்டாம்.

படி 5: இரண்டு நிலையிலும் சோதியுங்கள்

ஒரே ஹெல்மெட் தேடுகிறவர்கள் செய்ய வேண்டிய, ஆனால் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டே வாங்கிவருவதால் யாரும் செய்யாத சோதனை இது. மவுண்டன் பைக்கில் முதுகு ஓரளவு நிமிர்ந்திருக்கும். ரோடு பைக்கில் ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்தால் முதுகு கிட்டத்தட்டப் படுத்துவிடும், சாலையைப் பார்க்கத் தலையைப் பின்னுக்கு மடக்க வேண்டும். அந்த நிலையில் ஹெல்மெட்டின் இரண்டு முனைகளும் தொல்லை தர வாய்ப்புண்டு.

முடிந்தால் உங்கள் ரோடு பைக்கைச் சுவரில் சாய்த்து ஏறி உட்காருங்கள், முடியாவிட்டால் முழங்கால் உயர ஸ்டூல் ஒன்றில் கைகளை ஊன்றிக் குனியுங்கள். வைசர் மாட்டியபடியே கண்ணை மட்டும் உயர்த்தி இருபது முப்பது மீட்டர் தள்ளி ஏதாவது ஒரு பொருளைப் பாருங்கள். வைசர் மறைக்கிறதா? மேலே தூக்கிவிடும் வசதி இருந்தால் தூக்கிப் பாருங்கள், இன்னும் மறைத்தால் கழற்றிப் பாருங்கள். சில வைசர்கள் அழுத்திப் பிடுங்கினால் வந்துவிடும், சிலவற்றுக்குத் திருகாணி உண்டு, சில கழற்றவே முடியாதபடி ஹெல்மெட்டோடு சேர்ந்தே வரும். மூன்றாவது வகை உங்களுக்கில்லை. கழற்றிய பிறகு ஓட்டைகள் திறந்து கிடக்கின்றனவா, மூடி தருகிறார்களா என்றும் பாருங்கள். பாதுகாப்புக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் வேகத்தில் அந்த ஓட்டை விசில் அடிக்கும், ஒரு மணி நேரம் அதைக் கேட்டால் பைத்தியம் பிடிக்கும்.

அடுத்தது பின்விளிம்பு. குனிந்து தலையைத் தூக்கும்போது அது கழுத்தில் குத்துகிறதா? தண்ணீர்ப் பை மாட்டுகிறவர்கள் அதையும் மாட்டிக்கொண்டு பாருங்கள். பையின் மேல்பகுதி ஹெல்மெட்டை இடித்து முன்னால் தள்ளினால் ஒவ்வொரு முறை தலைதூக்கும்போதும் அது கண்ணுக்கு மேல் இறங்கும். நான் மேலே சொன்ன அந்தத் தடித்த ஹெல்மெட் என்னிடம் தோற்றது இந்த இடத்தில்தான். வைசரைக் கழற்றியும் பின்விளிம்பு கழுத்தை விடவில்லை. ஐந்து நிமிடமாவது அப்படியே குனிந்திருங்கள், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூக்குக்கண்ணாடியோ கூலிங் கிளாஸோ போடுகிறவர்கள் அதையும் கொண்டுபோங்கள். ட்ரெயில் ஹெல்மெட்டில் பின்புறம் தாழ்ந்திருப்பதால் திருகோடு இணைந்த வளையமும் பக்கவாட்டில் கீழே வரும், நீளமான கண்ணாடிக்காம்புகள் அதில் முட்டிக் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும்.

படி 6: காற்றும் எடையும்

துளைகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். எண்ணுவதில் அர்த்தமில்லை. ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள்: முன் துளையிலிருந்து பின் துளைவரை நுரையில் ஆழமான வாய்க்கால் ஓடுகிறதா? அந்த வாய்க்கால் இருந்தால்தான் உள்ளே வரும் காற்று தலையைத் தடவி வெளியே போகும். ரோட்டில் வேகம் இருப்பதால் சுமாரான ஹெல்மெட்டும் குளிர்ச்சியாகத் தோன்றும், உண்மையான சோதனை காட்டுப்பாதை ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரில் மூச்சு வாங்கும்போதுதான். அதனால் இரண்டுக்கும் ஒன்று என்னும்போது காற்றோட்டத்தை மெதுவான வேகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நெற்றிப் பஞ்சு பட்டையாக, கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கும்.

வெப்பத்துக்குப் பயந்து தொழில்முறை வீரர்களே ஹெல்மெட்டை எதிர்த்த காலம் உண்டு. 2003-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரேய் கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அதைக் கட்டாயமாக்கியது, அப்போதும் கடைசி மலையேற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சலுகை கிடையாது.

எடையில், ரோடு ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் 200 முதல் 300 கிராம், ட்ரெயில் ஹெல்மெட்டுகள் 300-க்கு மேல் தொடங்கி 400-ஐத் தாண்டும். மீடியம் அளவில் 350 கிராமை ஒட்டி இருந்தால் மூன்று நான்கு மணி நேர ரோடு ஓட்டத்தையும் கழுத்து தாங்கும். அதற்கு மேல் போனால் படி 5-இல் சொன்ன குனிந்த நிலையில்தான் அந்தப் பாரம் தெரியும். ஏரோ ஹெல்மெட் பக்கம் போகவே போகாதீர்கள், துளைகளை அடைத்து வேகம் கூட்டுகிற அந்த வடிவம் காட்டுக்குள் சூட்டை மட்டும்தான் கூட்டும்.

மற்றவை சுருக்கமாக. வெளி ஓடு கீழ்விளிம்பு வரை சுற்றி மூடியிருக்கட்டும், நுரை தெரிந்தால் பைக்குள் போட்டு எடுக்கும்போதே பிய்ந்துவிடும். நிறம் ரோட்டுக்காக: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு. கறுப்பு அழகுதான், மாலை நேரத்தில் பின்னால் வருகிற ஓட்டுநருக்கு உங்கள் அழகு தெரியாது. தலைவிளக்கோ கேமராவோ மாட்டுவதாக இருந்தால் இடி பட்டால் கழன்றுவிடும் பொருத்தியையே வாங்குங்கள், துளை போட்டுத் திருகாணியால் இறுக்கும் வேலை வேண்டாம். காந்த பக்கிள் இருந்தால் கையுறையோடு ஒரு கையால் மாட்டலாம், இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

படி 7: வாங்கிய பிறகு

முதல் பத்து நாட்களுக்குப் பட்டைகளை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சரிபாருங்கள், புதுப்பட்டை கொஞ்சம் நெகிழும். ரோட்டுக்கு வைசரைக் கழற்றினால் அதையும் திருகாணிகளையும் ஒரே உறைக்குள் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வார இறுதியில் ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, இவை போதும் கழுவ. பெட்ரோல், தின்னர் போன்றவை நுரையைக் கரைத்துவிடும், பெயின்ட் அடிப்பதும் அதேபோல ஆபத்து. வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் ஓடும் நுரையும் பிரியத் தொடங்கும். ஓடு குமிழ் விட்டிருந்தால் அதன் கதை முடிந்தது.

விழாமலே எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம்? அமெரிக்காவின் சிபிஎஸ்சி 5 முதல் 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது, ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அறக்கட்டளை 5 வருடம் என்கிறது. வாரம் நாலைந்து நாள் வியர்வையில் ஊறும் ஹெல்மெட்டுக்கு ஐந்துதான் நியாயமான கணக்கு. தயாரித்த மாதமும் வருடமும் உள்ளே இருக்கும், தள்ளுபடியில் வாங்கும்போது அதைக் கட்டாயம் பாருங்கள்.

விழுந்து தலை தரையில் பட்டிருந்தால் கணக்கெல்லாம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான். ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம், மயிரிழை விரிசல் பஞ்சுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். சில பிராண்டுகள் விபத்துக்குள்ளான ஹெல்மெட்டைத் தள்ளுபடியில் மாற்றித் தருகின்றன, ரசீதை வைத்திருங்கள். மாற்றித் தரவில்லை என்றால், குப்பையில் போடும் முன் பட்டைகளை இரண்டு பக்கமும் கத்தரித்துவிடுங்கள், வெளியே நன்றாகத் தெரிகிற அதை யாராவது எடுத்து நம்பி மாட்டிக்கொண்டு போய்விடக்கூடாது.